ட்ரெஸ்ஸா, ஹால்ட்ரெஸ்ஸா?

போன வாரம் தோழி ஒருத்தி ஸ்டூடியோவுக்கு வந்தாள். “நாள் முழுக்க ஹெட்போனோடு இருக்கிற ஆள் நீதானே, இதைக் கொஞ்சம் கேளேன்” என்று ஓர் ஒலிப்பதிவைப் போட்டாள்.

சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். டென்மார்க்கில் தாய்மார்கள் பிள்ளைகளைக் காப்பகத்தில் விட்டு வேலைக்குப் போகத் தொடங்கிய காலம்தான் அவள் தலைப்பு. “டேனிஷ்காரர்கள் நன்றாக ஆங்கிலம் பேசுவார்களே?” என்றேன். இளையவர்கள் பேசுவார்கள். ஆனால் தொண்ணூறு வயதுப் பாட்டி, அழுத பிள்ளையை விட்டுவிட்டுப் போன கதையைச் சொந்த மொழியில்தானே சொல்வார்!

பதிவில் பாட்டி இரண்டு நிமிடம் பேசுகிறார். உரைபெயர்ப்பாளர் ஒரே வரியில் முடிக்கிறார். எனக்கு டேனிஷ் தெரியாது. ஆனாலும் இரண்டு நிமிடம் ஒரு வரியாகாது என்பது வானொலிக்காரர்களுக்குத் தெரியும்.

பெரிய சிக்கல் எண்ணில். டேனிஷில் 60 என்பது ‘ட்ரெஸ்’, மூன்று இருபது. 50 என்பது ‘ஹால்ட்ரெஸ்’, அதாவது இரண்டரை இருபது. வந்தவர் நோர்வேஜிய மொழி படித்தவர். இரண்டு மொழிகளும் எழுத்தில் அக்கா தங்கை மாதிரி; பேச்சிலும் எண்ணிலும் அப்படியில்லை. நோர்வேயில் இந்த இருபதுக் கணக்கு கிடையாது. பாட்டி ஐம்பதுகள் என்றதை அவர் அறுபதுகள் ஆக்கிவிட்டார். அங்கே திருமணமான பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போனது 1960களில்தான். முன்னால் நடந்த பெண்மணியைக் கூட்டத்தில் ஒருவராக்கிவிட்டது அந்த ஒரு சொல்.

இன்னொன்று ‘பெடகோ’. அதை ‘ஆசிரியர்’ என்று போட்டிருந்தார். பெடகோ என்பவர் மூன்றரை ஆண்டு படித்துவிட்டு வருபவர்; குழந்தைக் காப்பகத்திலும் வேலை செய்வார், உடற்குறையுள்ளோர் இல்லத்திலும் வேலை செய்வார். பள்ளி ஆசிரியர் வேறு.

பட்டப்பெயரைப் பார்த்து ஆள் எடுக்கலாமே என்று கேட்டேன். டென்மார்க்கில் உரைபெயர்ப்பாளர்களுக்கு இருந்த அரசு அங்கீகார முறையை 2016இல் எடுத்துவிட்டார்களாம். அதனால் நாம்தான் சோதிக்க வேண்டும். ‘டோல்க்’ என்றால் பேச்சைப் பெயர்ப்பவர். எழுத்தைப் பெயர்ப்பவருக்கு அங்கே வேறு பெயர். இதையே பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

இரண்டாவது முறை, கோப்பன்ஹேகன், ஆர்ஹுஸ் பல்கலைக்கழகங்களின் மானிடவியல் துறைகளுக்கு எழுதினாள். களப்பணியில் பேட்டி எடுத்துப் பழகியவர்கள் யாராவது உண்டா என்று. கிடைத்தவரோடு பத்து நிமிடம் ஒத்திகை. பெடகோவை எப்படிச் சொல்வீர்கள் என்றதற்கு, “சொல்லை அப்படியே விட்டு ஒரு வரி விளக்கம் தருவேன்” என்றாராம். பாட்டி ‘நான்’ என்றால் அவரும் ‘நான்’ என்றே பேசுவார். ‘அவர் சொல்கிறார்’ என்று நடுவில் நிற்க மாட்டார். அந்த ஊரில் உறவினர் உண்டா என்றும் கேட்டிருக்கிறாள். சின்ன ஊர், கதை வெளியே போய்விடக் கூடாது அல்லவா? கேள்விகளை முன்கூட்டியே படிக்கும் நேரத்துக்கும் சேர்த்துச் சம்பளம் பேசியாகிவிட்டது. அதில் பேரம் பேசாதே என்று நானும் சொன்னேன்.

பதிவில் ஐந்து நிமிடத்தை வேறொருவரிடம் கொடுத்துச் சரிபார்க்கவும் ஏற்பாடு.

பாட்டி மறுபடி பேசச் சம்மதித்துவிட்டார். குளிர்காலத்தில் அங்கே காலை ஒன்பது என்றால் இங்கே மாலை நான்கு. தோழி அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, என் ஹெட்போனையும் கடன் வாங்கிப் போயிருக்கிறாள்.