காற்று எங்கிருந்து வருகிறது?

தரம் 10 இல் படித்தபோது நடந்தது. இலங்கைப் படத்தில் தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காற்றை அம்புக்குறியிட்டுக் காட்ட வேண்டும். ஆங்கில நூலில் 'சவுத் வெஸ்டர்லி' என்றிருந்தது. தென்மேற்கு நோக்கி வீசும் காற்று என்று நினைத்து, அம்புகளையெல்லாம் கடலுக்கு அனுப்பிவிட்டேன். புள்ளிகளும் அவற்றோடு போயின.

வீட்டில் உம்மும்மா படத்தைப் பார்த்துச் சிரித்தார். "வெள்ளவத்தையில இருந்துகொண்டா மகள் இப்படிக் கீறினது? ஜூன் மாசம் யன்னலத் திறந்தா உப்புக் காத்து எந்தப் பக்கத்தால வருது? எங்கட ஊரில கச்சான் காத்து எண்டா மேற்கால வாறது." உம்மும்மா அக்கரைப்பற்றில் பிறந்தவர். கொழும்பில் வளர்ந்த எனக்கோ கச்சான் என்றால் காலிமுகத்திடலில் வாங்கித் தின்பது மட்டுந்தான்.

ஆங்கிலத்தில் 'வெஸ்ட்' என்பது திசை: மேற்கு. 'வெஸ்டர்ன்' அப்பக்கத்தைச் சேர்ந்தது: மேல் மாகாணம் என்பதிலுள்ள 'மேல்'. 'வெஸ்ட்வர்ட்' என்றால் மேற்கு நோக்கி. இடக்குப் பண்ணுவது 'வெஸ்டர்லி'தான். காற்றைச் சொன்னால் மேற்கிலிருந்து வருவது. போகும் திசையைச் சொன்னால் ஏறக்குறைய மேற்கு நோக்கியது. கொழும்பிலிருந்து கிப்லா அப்படிப்பட்ட திசை: நேர் மேற்கல்ல, அதிலிருந்து சுமார் 25 பாகை வடக்கே சாய்ந்தது.

இந்த வேறுபாடுகள் தமிழுக்குப் புதியவையல்ல. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நான்கும் வரும் திசையால் பெயர் பெற்றவை. 'வடக்கு' மாகாணத்தோடு சேரும்போது 'வட' ஆகிறது. 'தெற்கு' 'தென்' ஆகிறது. இதற்கு நன்னூலில் விதியே உண்டு. ஆங்கிலம் சொல்லுக்கு வால் வைக்கிறது. தமிழ் வாலை நறுக்குகிறது. வேலை ஒன்றுதான்.

கொட்டாஞ்சேனைக்கு அண்மையில் கொழும்புத் துறைமுகம் இருக்கிறது. அதன் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு 1875 இல் அடிக்கல் நாட்டினார்கள். தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்றும் அலையும் கப்பல்களைத் தாக்காதிருக்கவே அந்தச் சுவர். அதை ஒருமுறை நேரில் பார்த்தவளுக்கு அம்பு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பது மறக்காது.

"தமிழை விட்டுவிட்டு இங்கிலிஷைப் பாடமாக்கு" என்று சொல்லும் பெற்றோர் பலர். அவர்களுடைய கவலை நியாயமானது, வழிதான் பிழை. நான் சொற்களைப் பாடமாக்கித்தான் தவறினேன். வீட்டிலிருந்த 'கச்சான்' தெரிந்திருந்தால் 'வெஸ்டர்லி' தானாக விளங்கியிருக்கும். பிள்ளைக்கு ஆங்கில அகராதி வாங்கிக் கொடுங்கள். கூடவே உம்மும்மாவிடமும் அனுப்புங்கள்.

வளிமண்டலவியல் திணைக்களம் மீனவருக்கான கடல் அறிக்கையை மும்மொழியிலும் வெளியிடுகிறது. நாளை அதை மொழிபெயர்ப்பவள் நம்மில் ஒருத்தியாக இருக்கலாம். அன்று அம்பைத் திருப்பிப் போட்டால், போவது புள்ளிகள் மட்டுமல்ல.