"பொறு" என்று சொல்வதை நிறுத்துவோம்

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் புதிதாகச் சேரும் பைலட்டிடம் நம் பயிற்றுநர்களில் பலர் முதலில் சொல்வது "கொஞ்சம் பொறு" என்பதுதான். இந்தக் கப்பலுக்கான திறன் முடியட்டும், அந்தப் பீரங்கிக்கான திறன் ஐந்தாம் நிலையைத் தொடட்டும், பிறகு அணியில் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறோம். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அதைக் கேட்டுவிட்டுப் போகிறவர்களில் பலர் திரும்பி வருவதே இல்லை. புதியவருக்கு முதல் நாள் மாலையே அணியில் ஓர் உண்மையான வேலை கொடுக்க வேண்டும், பாடமெல்லாம் அந்த வேலையின் ஊடாகவே நடக்க வேண்டும் என்பது இந்த இதழின் உறுதியான கருத்து.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். 2003 மே மாதம் ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் இந்த விளையாட்டை வெளியிட்டபோதே, திறன்கள் கடிகாரத்தோடு சேர்ந்து வளரும்படி அமைத்துவிட்டது. ஆடினாலும் தூங்கினாலும் திறன் ஏறிக்கொண்டே இருக்கும். போதாததற்கு, கற்கும் வேகத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு பயனே இல்லாத சில திறன்களும் அன்று இருந்தன. சுடுவதற்கு முன், பறப்பதற்கு முன், முதலில் அவற்றை முடி என்பதே மூத்தவர்கள் சொல்லும் அறிவுரை. ஒருவர் வாரக்கணக்கில் நிலையத்துக்குள் சும்மா உட்கார்ந்திருப்பதே கெட்டிக்காரத்தனம் என்று கருதப்பட்டது. 2010-இன் இறுதியில் நிறுவனம் அந்தத் திறன்களை நீக்கிவிட்டது. அறிவுரை மட்டும் நம் வாயில் தங்கிவிட்டது. 2016 பிப்ரவரியில், திறன் புள்ளிகளை விலைக்கு வாங்கி ஏற்றிக்கொள்ள உதவும் திறன் ஊசிகள் வந்த பிறகு, பணம் உள்ளவர் ஒரே நாளில் மாதங்களைத் தாண்டிவிடுகிறார். ஆகவே காத்திருப்பு என்பது எல்லோரும் கடந்துவந்த பொதுச் சோதனையாகக்கூட இப்போது இல்லை.

கணக்கைப் பார்த்தாலும் நம் பக்கம் நியாயம் இல்லை. மிக எளிய தரத்தில் உள்ள ஒரு திறனை நான்காம் நிலைக்குக் கொண்டுவர 45,255 புள்ளிகள் வேண்டும். ஐந்தாம் நிலைக்கு 256,000. பலனோ ஒவ்வொரு நிலைக்கும் ஒரே அளவில்தான் கூடுகிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் ஐந்தில் நான்கு பங்கு பலன் கைக்கு வந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் ஒரு பங்குக்காக ஒரு மனிதரை வாசலில் நிறுத்துகிறோம். புள்ளிகள் ஏறினால் நிதானமும் ஏறும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் கிடையாது. 2013 ஜனவரியில் அசாகாயில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். டைட்டன் என்ற மாபெரும் கப்பலை ஓட்டும் அளவுக்கு வளர்ந்த ஒரு பைலட், தன் அணி தொலைவுக்குத் தாவிச் செல்லப் பாலம் திறப்பதற்குப் பதிலாகத் தாவும் கட்டளையைக் கொடுத்து, எதிரிகளின் நடுவே தானே போய் நின்றார். அவரைக் காக்க ஒரு பக்கமும் வீழ்த்த மறுபக்கமுமாக 2,000-க்கும் மேற்பட்டோர் அந்த ஒரே சூரிய மண்டலத்தில் திரண்டார்கள். கை தவறுவதற்கு அனுபவ வரம்பு இல்லை.

அப்படியானால் முதல் நாளில் என்ன வேலை கொடுப்பது? டேக்கிள். எதிரிக் கப்பல் வார்ப் என்ற அதிவேகப் பாய்ச்சலில் தப்பிவிடாமல் பிடித்து வைக்கும் வேலை. ரிஃப்டர் போன்ற மலிவான ஃபிரிகேட் (சிறு கப்பல்) ஒன்று, அதில் வார்ப்பைத் தடுக்கும் டிஸ்ரப்டர் அல்லது ஸ்க்ராம்ப்ளர் கருவி, அவ்வளவு போதும். அடிப்படை டிஸ்ரப்டர் 20 கி.மீ. வரை எட்டும். ஸ்க்ராம்ப்ளர் அதில் பாதி தூரம்கூட எட்டாது. ஆனால் எதிரியின் வேகத்தைப் பல மடங்கு கூட்டும் மைக்ரோவார்ப்டிரைவையும் சேர்த்து அணைத்துவிடும். புதியவர் பிடித்து நிறுத்தாவிட்டால் மூத்தவர்களின் பெரிய பீரங்கிகள் வந்து சேர்வதற்குள் இலக்கு போய்விட்டிருக்கும். இது உபசாரத்துக்காகக் கொடுக்கும் வேலை இல்லை, அணிக்கு நிஜமாகவே வேண்டிய வேலை. புதியவருக்கும் அது உடனே புரிந்துவிடும்.

இந்த ஒரு வேலைக்குள் இந்த விளையாட்டின் இயற்பியலே அடங்கியிருக்கிறது. புதியவர் இலக்கைக் கண்டதும் 'அணுகு' பொத்தானை அழுத்தி நேர்கோட்டில் பாய்வார், பாதி வழியிலேயே வெடித்துச் சிதறுவார். ஏன்? பெரிய போர்க்கப்பலின் பீரங்கி மெதுவாகத்தான் திரும்பும். தன் பார்வைக்குக் குறுக்கே ஓடும் சிறு கப்பலை அதனால் தொடர முடியாது. நேராக வருகிறவருக்கோ குறுக்கு வேகமே இல்லை, அவரைக் குறிவைக்கப் பீரங்கி திரும்பவே தேவையில்லை. இதைக் கரும்பலகையில் கோணத் திசைவேகம் என்று எழுதி விளக்கினால் தலையாட்டுவார்கள். இரண்டு கப்பல் போன பிறகு, "இலக்குக்குப் பக்கவாட்டில் வெற்றுவெளியை இருமுறை சொடுக்கு, சுருளாகச் சுற்றிக்கொண்டே நெருங்கு" என்று காதில் சொன்னால் கை அதைப் பிடித்துக்கொள்ளும். மைக்ரோவார்ப்டிரைவ் ஓடும்போது தன் கப்பல் எதிரிக்குப் பல மடங்கு பெரிய குறியாகத் தெரிகிறது, ஆகவே பிடிக்குள் வந்ததும் அதை அணைக்கலாமா என்று யோசிக்க வேண்டும் என்பதும் அப்படியே. பீரங்கிக்குத் தப்பிய பிறகு டிரோன்கள் வந்து கடிக்கும். அது மூன்றாவது பாடம். அதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தேவையில்லை.

முன்கூட்டிச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சுற்றியுள்ளவற்றைக் காட்டும் ஓவர்வியூ என்ற பட்டியலை நாமே அமைத்துக் கொடுத்துவிட வேண்டும். புதியவரின் திரையில் சிறுகோள்களும் நிலையங்களும் சிதைந்த கப்பல்களும் எதிரிகளும் ஒரே வரிசையில் நின்றால் அவரால் எதையும் பார்க்க முடியாது. அமைப்பை அரட்டையில் ஓர் இணைப்பாகவே பகிர முடியும்போது, ஒரு மணி நேரம் உட்காரவைத்து ஒவ்வொரு கட்டமாக டிக் அடிக்கச் சொல்லித்தருவது கொடுமை. அதன் உள்விவரங்களை அவரே பிறகு கேட்பார்.

கப்பலை இழந்தால் மனம் உடைந்து போய்விடுவார்களே என்று அஞ்சுகிறவர்கள் நம்மில் உண்டு. 2015 ரசிகர் விழாவில் சிசிபி ஒரு தரவை முன்வைத்தது. ஏறத்தாழ 80,000 புதியவர்களின் முதல் 15 நாட்களைப் பார்த்ததில், பிற ஆட்டக்காரர்களால் வீழ்த்தப்பட்டவர்கள்தான் மற்றவர்களைவிட அதிகம் நிலைத்திருந்தார்கள். இதை வைத்துக்கொண்டு அடித்தால்தான் வளர்வார்கள் என்று முடிவுகட்டுவது தவறு. வெளியே துணிந்து போகிறவர்தான் அடிபடுகிறார். துணிகிற இயல்பே அவரைத் தங்கவும் வைத்திருக்கலாம். ஆனால் இழப்புதான் ஆட்களை விரட்டுகிறது என்ற நம் அச்சத்துக்கு அந்தத் தரவில் இடமில்லை. இழந்த ஃபிரிகேட்டுக்கு அணியின் கருவூலத்திலிருந்து அதே இரவில் மாற்றுக் கப்பல் கொடுங்கள். கணக்குப் பார்க்கும் அளவுக்கு அது பெரிய செலவில்லை.

உளவாளிகளைப் பற்றிய கேள்வியும் எழும். அது வீண் பயமில்லை. 2005-இல் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற குழு மாதக்கணக்கில் உள்ளே ஊடுருவி, விளையாட்டுக்குள் இயங்கிய ஒரு நிறுவனத்தையே துடைத்தெடுத்தது. 2009-இல் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் கூட்டணியை உள்ளேயிருந்த ஒருவரே கலைத்துவிட்டார். ஆனால் இரண்டிலும் விபரீதம் நேர்ந்தது நம்பிக்கைக்குரிய பதவியில் இருந்தவர்களால். டேக்கிள் ஃபிரிகேட்டின் இருக்கையிலிருந்து கிடங்கின் சாவி கைக்கு வராது. 2004 முதல் இயங்கிவரும் ஈவ் யூனிவர்சிட்டி தன் பாடங்களை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி திறந்தே வைத்திருக்கிறது. 2013-இல் எழுந்த பிரேவ் நியூபீஸ், திறன் புள்ளி என்ன என்று கேட்காமலே ஆட்களைச் சேர்த்துச் சண்டைக்குக் கூட்டிப்போனது. பதவிகளை எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கிப் பூட்டுங்கள். அறிவைப் பூட்டாதீர்கள்.

கதாபாத்திரமாக வாழும் குழுக்களின் பயிற்றுநர்களுக்குத் தனியாக ஒரு சொல். உங்களிடம் "பொறு" இரண்டு மடங்காக இருக்கிறது. திறனுக்குக் காத்திரு, பிறகு விளையாட்டின் உலகமான நியூ ஈடனின் நான்கு பேரரசுகளின் வரலாற்றையும் படித்து முடி என்கிறீர்கள். அமார் பேரரசின் விசுவாசிகளாக வாழ்ந்த க்யூரடோரெஸ் வெரிடாடிஸ் கூட்டணியைப் பாருங்கள். சட்டமற்ற வெளியில் பெரும்பாலானவர்களின் விதி, நட்பைக் காட்டும் நீலக்குறி இல்லாதவரைச் சுடு என்பது. அவர்கள் பிராவிடன்ஸ் பகுதியைக் காத்துவந்த நீண்ட காலமும் பகையைக் காட்டும் சிவப்புக்குறி இல்லாதவரைச் சுடாதே என்ற விதியைக் கடைப்பிடித்தார்கள். முன்பின் தெரியாத ஒரு கப்பல் எதிரே வரும்போது சுடாமல் நின்று, அதன் பெயரைப் பட்டியலில் தேடிப்பார்க்கும் அந்தச் சில நொடிகளில், தன் பாத்திரம் எந்தச் சமயத்தின், எந்தச் சட்டத்தின் ஆள் என்பது புதியவரின் கைக்கே தெரிந்துவிடுகிறது. சுட்டுவிட்டால் என்ன செய்வது? விசாரணை நடத்துங்கள், பாத்திரமாகவே. தளபதி கேட்கட்டும், புதியவர் பதில் சொல்லட்டும். வரலாற்று ஏடுகளைப் படிக்கும் ஆவல் அங்கேதான் பிறக்கும்.

இதற்கெல்லாம் விலை கொடுக்கப்போவது பயிற்றுநரின் நேரம். அணித் தலைவருக்குச் சண்டையின் நடுவே கற்பிக்க முடியாது. அவர் வாய் திறந்தால் கட்டளை மட்டுமே வர வேண்டும். ஆகவே புதியவர்களுக்கென்று தனிக் குரல்தடத்தில் ஒருவர் இருக்க வேண்டும், அவர் அன்றைய சண்டையில் தனக்கு வரக்கூடிய வெற்றிகளை விட்டுக்கொடுக்க வேண்டும். அணி கலைந்ததும் இழந்த கப்பல்களின் பதிவைத் திறந்து, "எந்த இடத்தில் திரும்பினாய், அப்போது உன் வேகம் என்ன, யார் உன்னை முதலில் பூட்டினார்" என்று கேட்டுப் பேசவும் அவரே வேண்டும். இந்தப் பொறுப்பை எப்போதும் ஒரே ஆளின் தலையில் கட்டினால் சில மாதங்களில் அவரும் போய்விடுவார். சுழற்சி முறையில் கொடுங்கள். சென்ற மாதம் சேர்ந்தவரையும் அந்தச் சுழற்சியில் சேருங்கள். நேராகப் பாய்ந்து வெடித்தது அவருக்கு இன்னும் நினைவிருக்கும், புதியவர் எங்கே தடுமாறுவார் என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.