வியாதியின் பெயர் துரைக்கு எதற்கு?

தோட்டத்து ஆபீசில் ஒரு புத்தகம் இருக்கும். ஆட்கள் அதைச் சீக்குப் புத்தகம் என்பார்கள். காலைப் பெரட்டுக்கு யார் வரவில்லை, ஏன் வரவில்லை, டிரஸ்ஸர் என்ன மருந்து கொடுத்தார், எத்தனை நாள் ஓய்வு சொன்னார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். 'காய்ச்சல்' என்றும் 'வயிற்றுவலி' என்றும் எழுதுவதால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் 'காசநோய்' என்றும், 'மூன்று மாதக் கர்ப்பம்' என்றும், 'குடியினால் ஈரல் கெட்டது' என்றும் அதே புத்தகத்தில் அதே பேனாவினால் எழுதுகிறார்களே, அதைத்தான் கேட்கிறோம். புத்தகமோ மேசைமேல் திறந்து கிடக்கிறது. கங்காணி புரட்டுகிறார். முன்பணம் கேட்க வந்தவர் எட்டிப் பார்க்கிறார். பொழுது சாய்வதற்குள் செய்தி லயத்துக் குழாயடிக்குப் போய்விடுகிறது.

சம்பளப் பிரச்சினை இருக்க, வீட்டுப் பிரச்சினை இருக்க, இதையும் சங்கம் ஒரு விஷயமென்று எடுக்க வேண்டுமா என்று கேட்கும் தோழர்கள் உண்டு. வேண்டும். கூலியைக் குறைத்தால் அடுத்த ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கலாம். ஒரு பெண்ணின் கருச்சிதைவை ஊர் தெரிந்துகொண்ட பிறகு எந்த ஒப்பந்தத்தில் அதைத் திரும்ப வாங்குவது?

நான் ஒரு தோட்டக் கிராணி. செக்ரோல் போடுவது என் தொழில். எனவே இந்த விஷயத்தில் எனக்குப் பேச உரிமை உண்டு என்று நினைக்கிறேன். செக்ரோலுக்கு என்ன வேண்டும்? ஆள் வந்தாரா, வரவில்லையா, விடுப்பு சம்பளத்துடனா, சம்பளம் இல்லாமலா, எத்தனை நாள். இவ்வளவே. வியாதியின் பெயரை எழுத அதில் கட்டமே கிடையாது. கிராணிக்கு வேண்டாத ஒன்று கிராணியின் மேசைக்கு எதற்காக வருகிறது?

சட்டத்தைப் பாருங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு வருஷத்திற்குக் குறைந்த சர்வீஸ் உள்ளவருக்கு வருஷத்தில் 14 நாள், இரண்டிலிருந்து ஐந்து வருஷத்திற்குள் இருப்பவருக்கு 18 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டுமானால் 60 நாள். பதிவு பெற்ற டாக்டரின் சான்றிதழ் வேண்டும். 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தகவல் கொடுக்க வேண்டும். இவை சட்டம் நம்மீது வைத்த கடமைகள், அவற்றைச் செய்கிறோம். என்ன வியாதி என்று துரையிடம் சொல்லித்தான் தீர வேண்டும் என்ற கடமையை அந்தச் சட்டம் வைக்கவில்லை. துரைமார் வைத்திருக்கிறார்கள்!

அவர்களுடைய பதில் நமக்குத் தெரியும். "தொற்றுநோயாக இருந்தால்? தோட்டம் முழுதும் பரவினால் யார் பொறுப்பு?" கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொறுப்பை யார் ஏற்பது என்று 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. அறிவிக்க வேண்டிய நோயைக் கண்ட டாக்டர் அருகிலுள்ள சுகாதார மருத்துவ அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். காசநோயும் அந்தப் பட்டியலில் உள்ளதுதான். வீட்டில் உள்ளவர்களைப் பரிசோதிப்பதும், கூட வேலை செய்தவர்களைத் தேடிப் பிடிப்பதும் அந்த இலாகாவின் வேலை. தோட்டத் துரை சுகாதார அதிகாரி அல்லர். அவருக்கு அந்தப் படிப்பும் இல்லை, அந்த அதிகாரமும் இல்லை.

இன்னொன்றையும் துரைமார் யோசிப்பதில்லை. காசநோய்க்குக் குறைந்தது ஆறு மாதம் விடாமல் மருந்து சாப்பிட வேண்டும். நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போகும், லயத்துக்குத் தெரிந்தால் பிள்ளையோடு யாரும் விளையாட மாட்டார்கள் என்று பயந்தவன் என்ன செய்வான்? டிரஸ்ஸரிடம் போக மாட்டான். சளியோடு ரத்தம் வந்தாலும் 'வெற்றிலை' என்பான். பட்டணத்தில் இருமல் மருந்து வாங்கிக் குடித்துவிட்டு விடியற்காலையில் மரம் வெட்டப் போவான். நோய் பரவக்கூடாது என்பதற்காகத் திறந்து வைத்த புத்தகமே நோயைப் பரப்புகிறது.

மருந்தடிக்கும் பெண்களின் விஷயத்தில்தான் துரைமாருக்கு ஒரு நியாயமான தேவை இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. சில பூச்சிக்கொல்லிகள் உடம்பில் ஏறினால், ரத்தத்தில் நரம்புகளின் வேலைக்கு வேண்டிய ஒரு சத்து குறைந்துபோகும். ரத்தப் பரிசோதனையில் அது தெரியும். குறைந்தவரை மருந்தடிப்பிலிருந்து விலக்கி வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அபாயகரமான இரசாயனங்கள் பற்றி 2000-ஆம் ஆண்டில் வந்த விதிமுறைகள் மருத்துவக் கண்காணிப்பு வைக்கச் சொல்கின்றன. அந்தப் பதிவுகளை 30 வருஷம் பாதுகாக்கவும் சொல்கின்றன. நல்லது. ஆனால் அங்கேயும் நிர்வாகத்துக்கு வேண்டிய பதில் எது? 'இவர் மருந்தடிக்கலாம்', 'இவர் அடிக்கக்கூடாது', 'இத்தனை நாளைக்கு மாற்று வேலை கொடுங்கள்'. அந்த அம்மாளுக்குச் சர்க்கரை இருக்கிறதா, மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்பதை எந்தத் துரையும் அறிய வேண்டியதில்லை. (மருந்தென்றதும் நினைவு வருகிறது. பாராகுவாட்டை 2002-இல் தடுத்தார்கள், 2006-இல் தடையைத் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல்தான் ஒரேயடியாகத் தடுத்தார்கள். நடுவில் அதை முதுகில் சுமந்தவர்கள் நம் பெண்கள். தொழிலாளியின் உடம்பில் இவ்வளவு அக்கறை கொண்டவர்கள் அப்போது எங்கே போயிருந்தார்களோ!)

இனி டிரஸ்ஸரைப் பற்றிச் சொல்ல வேண்டும். துரை கேட்டால் அவர் ஏன் சொல்லிவிடுகிறார்? கெட்ட மனத்தினால் அல்ல. அவர் குடியிருக்கும் வீடு தோட்டத்து வீடு. அவருடைய சம்பள உயர்வும் இடமாற்றமும் துரையின் கையெழுத்தில் இருக்கின்றன. ஆஸ்பத்திரிச் சாவியும் ஆபீசில் தொங்குகிறது. 1965-ஆம் ஆண்டிலேயே தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்யத் தனிச் சட்டம் வந்தது; அவர் தொழில் தெரிந்தவர், துரையின் ஏவலாள் அல்லர் என்பதுதானே அதன் பொருள்? ஆனால் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்க, மனிதர் மட்டும் மேசைக்கு எதிரே நின்றுகொண்டு, "அவனுக்கு என்னய்யா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். தனக்கே பாதுகாப்பில்லாதவர் இன்னொருவருடைய அந்தரங்கத்தை எப்படிப் பாதுகாப்பார்? ஆதலால் நோயாளியின் இரகசியத்தையும் வைத்தியச் சிப்பந்தியின் பாதுகாப்பையும் இரண்டு கோரிக்கைகளாகப் பிரித்து, ஒன்றை இந்த வருஷமும் மற்றதை அடுத்த வருஷமும் கேட்கலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

டிரஸ்ஸருக்கும் ஆயாவுக்கும் உள்ள ஆபத்தைக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஊசி போட்டுவிட்டு மூடியைத் திரும்ப மாட்டும்போது விரலில் குத்திக்கொள்வது சாதாரணமாக நடப்பது. அந்த நோயாளிக்கு மஞ்சள் காமாலையின் பி வகைக் கிருமி இருந்து, குத்துப்பட்டவர் தடுப்பூசி போடாதவராக இருந்தால், நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை நோய் தொற்றும் என்பது வைத்திய சாஸ்திரத்தின் கணக்கு. எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு மூன்று; அதற்குத் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் ஆரம்பித்தாக வேண்டும். தோட்டத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி யார் கொடுப்பது? ஊசியைப் போடக் குத்துப்படாத கெட்டிப் பெட்டி எங்கே? நான் பார்த்த ஒரு தோட்டத்து மருந்தகத்தில் பால் டின்னில் போட்டு வைத்திருந்தார்கள். குப்பை அள்ளும் ஆயா அதை வெறுங்கையால் எடுத்துக் கொட்டினார். காசநோய்க்காரர் முகத்துக்கு நேரே இருமுகிறார். அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் ஆணியடித்து மூடியது. மருந்து குடித்து விழுந்தவரின் நனைந்த சட்டையைக் கையுறையில்லாமல் கழற்றுகிறவரும் இந்தச் சிப்பந்திதான்.

அடி உதையும் உண்டு. இதை நம்முடைய பத்திரிகையில் எழுதக் கஷ்டமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். சம்பள நாள் இரவில் குடித்துவிட்டு வந்து, "உடனே ஊசி போடு" என்று கதவை உதைப்பவர்களும், "ஏன் எம்.சி. தரவில்லை" என்று டிரஸ்ஸரின் சட்டையைப் பிடிப்பவர்களும் நம்முடைய ஆட்கள்தாம். எம்.சி. கொடுப்பது டாக்டர், டிரஸ்ஸர் அல்லர் என்பதைக்கூட அறியாமல் சண்டை போடுகிறார்கள். இரவில் பிரசவம் பார்க்கத் தனியாக நடந்து போகும் மருத்துவச்சிக்கு ஒரு துணையாளும் ஒரு டார்ச் விளக்கும் கொடுக்க நிர்வாகத்துக்கு மனமில்லை என்று குறை சொல்லும் நாம், அந்த அம்மாளை வழியில் கேலி செய்பவனைக் கிளைக் கூட்டத்தில் கண்டித்ததுண்டா? தொழிலாளி தொழிலாளியை அடிப்பது எந்தத் துரைக்கும் சந்தோஷமான செய்தி.

சட்டம் இல்லையென்று சொல்ல முடியாது. 1991 மே மாதம் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடித்துப் பல உயிர்கள் போன பிறகு, 1994-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 2022-இல் அதைத் திருத்தினார்கள். 2024 ஜூன் 1 முதல் திருத்தம் நடைமுறையில் இருக்கிறது. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி வேண்டும். ஐந்து பேர் இருந்தாலே பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமிக்க வேண்டும். உடனடி ஆபத்து இருந்து முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம். பாதுகாப்பில்லை என்று புகார் செய்த காரணத்துக்காக ஒருவரை நீக்கக்கூடாது. முதலாளி கடமை தவறினால் அபராதம் 5 இலட்சம் ரிங்கிட் வரை. தோட்டங்களில் கமிட்டி கூடினால் என்ன பேசுகிறார்கள்? கத்தியைப் பற்றி, பூட்ஸைப் பற்றி, லோரியைப் பற்றி. மருந்தகத்தை யாரும் பேசுவதில்லை. அது வேலையிடம் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்!

அந்தரங்கத்துக்கான சட்டம்தான் ஓட்டை உள்ளது. 2010-ஆம் ஆண்டின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15-இல் அமலுக்கு வந்தது. உடல்நிலை பற்றிய செய்தி தனிக் கவனத்துக்குரியது, ஒருவருடைய வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அதைக் கையாளக்கூடாது என்று அதில் இருக்கிறது. அதே மூச்சில், மத்திய அரசாங்கத்துக்கும் மாநில அரசாங்கங்களுக்கும் இந்தச் சட்டம் செல்லாது என்றும் இருக்கிறது. நம்மில் அதிகம் பேர் போவது அரசாங்கக் கிளினிக்குக்குத்தானே? தனியார் தோட்டத்துக்கோ, வேலை சம்பந்தமாகச் சட்டம் விதித்த கடமையை நிறைவேற்றச் சம்மதம் தேவையில்லை என்று ஒரு விலக்கு. துரைமார் அதன் பின்னால் போய் நிற்பார்கள். நிற்கட்டும். வியாதியின் பெயரை ஆபீசில் எழுதி வை என்று எந்தச் சட்டம் உங்களுக்குக் கடமை விதித்தது, காட்டுங்கள் என்று கேட்போம்.

வெளிநாட்டுத் தோழர்களை மறந்துவிட்டுப் பேசினால் இந்தப் பேச்சு பாதிப் பேச்சு. இன்று மரம் வெட்டுபவர்களிலும் குலை அறுப்பவர்களிலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேப்பாளியர் ஏராளம். 1997 முதல் ஃபோமெமா பரிசோதனை அவர்களுக்குக் கட்டாயம். காசநோய், எச்.ஐ.வி. ஆகியவற்றோடு பெண்களுக்குக் கர்ப்பமும் சோதிக்கப்படுகிறது. தேறாதவர் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். கர்ப்பம் ஒரு வியாதியா? 2023 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தில், கர்ப்பிணியை அதற்காக வேலை நீக்கக்கூடாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் பிடுங்கும் இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? அந்தப் பெண் டிரஸ்ஸரிடம் உண்மையைச் சொல்வாளா, மறைத்து நாட்டு மருந்து தின்பாளா, நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்க வேண்டியவை கடினமானவை அல்ல. ஆபீசுக்குப் போகும் சீட்டில் பெயர், நாட்கள், வேலைக்குத் தகுதியா இல்லையா என்பது மட்டும் இருக்கட்டும். நோய்க்குறிப்பு மருந்தகத்தில் பூட்டிய அலமாரியில், சாவி டிரஸ்ஸரிடம் இருக்கட்டும். நோயாளியின் இரகசியத்தைச் சொல்ல மறுத்த சிப்பந்தியை மாற்றவோ வீட்டைவிட்டுக் கிளப்பவோ கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதட்டும். தடுப்பூசி, கெட்டிப் பெட்டி, கையுறை, முகக் கவசம், இரவுக்குத் துணை, குத்துப்பட்டால் உடனே வண்டி, இவற்றின் செலவு நிர்வாகத்தைச் சேர்ந்தது. பாதுகாப்புக் கமிட்டியில் மருந்தகத்துக்கு ஓர் இடம் வேண்டும்.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. வரும் கூட்டத்துக்கு முன்பு உங்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போய், சீக்குப் புத்தகம் எங்கே இருக்கிறது, யார் திறக்கிறார்கள், அதில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்த்து வாருங்கள். யாருடைய பெயரையும் குறித்துக்கொண்டு வரவேண்டாம். மருந்தகத்துக்கும் போய், ஊசியை எதில் போடுகிறார்கள், ஜன்னல் திறக்கிறதா, டிரஸ்ஸரும் ஆயாவும் தடுப்பூசி போட்டிருக்கிறார்களா என்று கேட்டு எழுதிக் கொண்டுவாருங்கள்.