பத்தாம் நம்பர் எல்லாருக்கும் பத்து இல்லையா?

2015 டிசம்பர்ல அடையாறு ஏறி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் முங்கினப்போ செல்போன் செத்துப்போச்சு. ஹாம் ரேடியோக்காரங்கதான் தகவல் கடத்தி உதவினாங்க. அதுல நாம என்ன படிச்சோம்?

ஏரிக்கரை காவலுக்கு ரெண்டு கம்பெனி வாக்கி-டாக்கி வாங்கினோம். ரெண்டும் லைசென்ஸ் தேவையில்லாத 446 மெகாஹெர்ட்ஸ் ரகம். ஒரே சேனல், ஒரே கோட் நம்பர் வைத்தும் சத்தமே இல்லை. "ஒரே கம்பெனியா வாங்குங்க"ன்னார் கடைக்காரர்.

ஏன் வாங்கணும்? ஒருத்தர் 10ன்னு போட்ட டோனுக்கு இன்னொருத்தர் வேற நம்பர் போட்டிருக்கார், அவ்வளவுதான். ரெண்டிலும் கோடை எடுத்துவிட்டதும் பேசிடுச்சு! மோட்டார் எந்தக் கம்பெனியானாலும் பைப்புக்கு இஞ்ச் கணக்கு ஒன்றுதானே? அதுபோல 67.0 ஹெர்ட்ஸ்னு டோனை அப்படியே அச்சடிச்சா என்ன குறைஞ்சிடும்?

டிஜிட்டல் செட்டு இன்னும் மோசம். டிஎம்ஆரும் என்எக்ஸ்டிஎன்னும் நேரடியா பேசிக்காது. ரெண்டையும் அனலாகுக்கு மாத்தினால்தான் உண்டு.

பொதுக்காசில் வாங்குறவங்களே, விலைப்பட்டியல் மட்டும் பார்க்காதீங்க. ஐப்பசிக்குள்ள எல்லாத் துறை செட்டையும் ஒரே களத்தில் வைத்துப் பேசிப் பாருங்க. கழுத்தளவு தண்ணியில் நின்னுக்கிட்டு கோட் நம்பர் தேட முடியாது.