ஜுரமில்லாத டைபாயிட்

ஜுரமில்லை, வலியில்லை, பசியும் நன்றாயிருக்கிறது. ஆனால் மலத்தில் டைபாயிட் கிருமி இருக்கிறது. இத்தகைய ஒருவரை ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் என்னவென்று எழுதுவது? கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நியூயார்க்கில் ஒரு சமையற்காரியின் வாழ்வே இதில் சிக்கிச் சீரழிந்தது.

மேரி மாலன் அயர்லாந்தில் பிறந்து அமெரிக்கா சென்றவள். 1906-ஆம் ஆண்டுக் கோடையில் அவள் சமைத்த வீட்டில் 11 பேரில் 6 பேருக்கு டைபாயிட் கண்டது. ஜார்ஜ் ஸோப்பர் என்ற சுகாதார என்ஜினீயர் துப்புத் துலக்கியதில், அவள் முன்பு வேலை பார்த்த வீடுகளிலும் ஜுரம் வந்திருந்தது தெரிந்தது. அவளோ திடகாத்திரமாயிருந்தாள்! 1907-இல் அவளைப் பிடித்துத் தீவொன்றில் அடைத்தார்கள். இனிச் சமைப்பதில்லை என்ற வாக்குறுதியின் பேரில் 1910-இல் விட்டார்கள். சலவைத் தொழிலில் கூலி சொற்பம். வேறு பெயரில் மறுபடியும் கரண்டி பிடித்தாள். 1915-இல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் 25 பேருக்கு ஜுரம் கண்டு இருவர் மாண்டனர். மீண்டும் தீவு, 1938-இல் இறக்கும் வரையில் அங்கேதான். கிருமியைச் சுமந்தோர் அந்நகரில் வேறு பலரும் அகப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தத்தம் வீட்டிலேதான் இருந்தார்கள்.

தனக்கு நோயே இல்லையென்று அவள் சாதித்தாள். ஒரு வகையில் அது உண்மையே. அவள் நோயாளி அல்லள், கிருமியைச் சுமப்பவள். இவ்விரண்டையும் பிரித்தெழுத இன்று வழியுண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 1990-இல் ஏற்ற பத்தாவது நோய் வகைப்பாட்டில் டைபாயிட் ஜுரத்துக்கு ஏ 01.0 என்பது குறியீடு. அதன் கிருமியைச் சுமப்பவருக்கு இசட் 22.0, குடலைத் தாக்கும் பிற கிருமிகளைச் சுமப்பவருக்கு இசட் 22.1.

வைத்தியர் அவசரத்தில் "டைபாயிட்" என்று மட்டும் கிறுக்கிவிட்டால் குமாஸ்தா என் செய்வார்? ஏ 01.0 என்றுதான் போடுவார். ஊரில் ஜுரக்காரர் தொகை ஒன்று கூடும். சுகமாயிருப்பவர் காகிதத்தில் நோயாளியாவார். ஒன்றுமே எழுதாவிட்டாலோ, அவர் நாளைக்கே ஹோட்டல் அடுப்படியில் நிற்பார். ஆகவே கிருமியின் பெயர், பரிசோதித்த தேதி, அறிகுறி இல்லையென்ற செய்தி, "சுமப்பவர்" என்ற சொல் நான்கையும் வைத்தியரே எழுத வேண்டும். குமாஸ்தா ஊகிக்கலாகாது. கிருமி பெரும்பாலும் பித்தப்பையில் குடியிருந்து அவ்வப்போதே வெளிப்படுவதால், ஒரு பரிசோதனையில் காணவில்லை என்பதும் போதாது.

பலமுறை சோதித்துக் கிருமி அறவே நீங்கியது தெரிந்தால் அக்குறியீட்டை விடுத்து, முன்பு தொற்று இருந்ததைக் குறிக்கும் இசட் 86.1 எழுதலாம். இக்கால மருந்துகளால் பலருக்கு இது கைகூடுகிறது. மேரியிடம் பித்தப்பையை அறுத்தெடுக்கலாமென்றார்கள், அவள் இசையவில்லை.