கோயில் மண்டபக் கூரையில சோலார்: பந்தியில கேட்ட கேள்விகளுக்கு என் பதில்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு அன்னதானம் பரிமாறும்போது ஆளுக்கு ஒரு கேள்வி கேட்டீங்க. "மண்டபக் கூரையில சோலார் போடப் போறாங்களாமே, உண்மையா?" செயலவை இன்னும் முடிவு எடுக்கலை. ஆண்டுப் பொதுக்கூட்டத்துல பேசப் போறாங்க. நான் தலைவரும் இல்லை, பொருளாளரும் இல்லை. பந்தல் கட்டுற, அண்டா கழுவுற தொண்டன். எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிச்சேன். ஆனா ஃபேக்டரியில 20 வருஷத்துக்கு மேல சூப்பர்வைசர் வேலை. எங்க ஃபேக்டரி கூரையில சோலார் ஏறி சில வருஷம் ஆச்சு. நல்லதும் பார்த்தேன், தலைவலியும் பார்த்தேன்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். போடலாம். ஆனா காண்டிராக்டர் சொல்ற 40 பலகை வேண்டாம். சின்னதா போடுவோம், கடன் வாங்காம போடுவோம்.

சாமி கோபுரத்துல போய் பலகை வைக்கலாமா?

வைக்கக் கூடாது, யாரும் வைக்கவும் சொல்லலை. விமானம், கோபுரம், மூலஸ்தானத்து மேல எதுவும் வராது. பேச்சு நடக்கறது கல்யாண மண்டபத்துத் தகரக் கூரைக்கும் கார் நிறுத்துற கொட்டகைக்கும் மட்டும்தான்.

மழை நாள்ல, இராத்திரியில என்ன ஆகும்?

பலகைக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. சொல்லப்போனா பலகை ரொம்ப சூடானா கரண்டு கொஞ்சம் குறையும். மேகமா இருந்தா குறைச்சலா வரும், இராத்திரி ஒண்ணும் வராது. நம்ம ஊர்ல 1 கிலோவாட் சோலார் மாசத்துக்கு ஏறக்குறைய 100 யூனிட் கொடுக்கும். இப்ப வர்ற பலகை ரெண்டு சேர்ந்தா 1 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேலே. 40 பலகைன்னா மாசம் 2,000 யூனிட் தாண்டும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாம எப்ப கரண்டு செலவு பண்றோம்? ரெண்டு வாரம் காலையில 8 மணிக்கும் சாயங்காலம் 6 மணிக்கும் மீட்டரைப் பார்த்து நோட்டுல எழுதி வச்சேன். பகல்ல போறது மூணுல ஒரு பங்குதான். ஐஸ் பெட்டி, தண்ணி மோட்டார், ஆபீஸ் ஏர்கோன், அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் சாயங்கால பூஜை, மண்டப விருந்து, விடிய விடிய எரியற விளக்கு.

பகல்ல மிஞ்சுறதை தெனாகாவுக்கு வித்துடலாமே?

இங்கதான் நிறைய பேர் ஏமாறறாங்க. பழைய என்.இ.எம். திட்டம் 2025 ஜூன் மாசத்தோட முடிஞ்சு போச்சு. அதுல வீட்டுக்காரங்க மிஞ்சின யூனிட்டை அடுத்த மாசங்களுக்கும் கொண்டு போக முடிஞ்சது. 2026 ஜனவரியிலேர்ந்து சோலார் அத்தாப் திட்டம். இதுல அந்த மாசத்து மிச்சத்தை அந்த மாச பில்லுலயே கழிக்கணும், அடுத்த மாசத்துக்குப் போகாது. கோயில் வீட்டுக் கணக்கு இல்லை. நாம அனுப்பற கரண்டுக்கு, நாம வாங்கற கரண்டோட விலை கிடைக்காது, அதைவிடக் குறைவு. பழைய திட்டத்துக் கணக்கைக் காட்டி யாராவது "நாலு வருஷத்துல போட்ட காசு வந்துடும்"னு சொன்னா, எந்தத் திட்டத்துக் கணக்குன்னு கேளுங்க.

அதனால பகல்ல நாமே செலவு பண்ற அளவுக்குப் போட்டாத்தான் லாபம். நம்ம பில்லுக்கு 12 பலகை போதும். அதுக்கு மேல போடற ஒவ்வொரு பலகையும் உண்டியல் காசை மெதுவா சம்பாதிக்கும்.

பேட்டரி வைக்கலாமா? கரண்டு போனா சோலார் ஓடுமா?

பேட்டரி வச்சா இராத்திரிக்கும் வரும், ஆனா செலவு கூடும். இப்போதைக்கு வேண்டாம். கரண்டு போனா? ஓடாது! இது பல பேருக்குத் தெரியாது. தெனாகா கம்பி இறந்தா சோலாரும் தானா நின்னுடும். கம்பத்துல ஏறி வேலை செய்யறவரு மேல நம்ம கரண்டு பாயக் கூடாதுன்னுதான் அப்படி. அதனால திருவிழாவுக்கு ஜெனரேட்டர் எப்பவும் போல வாடகைக்கு எடுக்கத்தான் வேணும்.

காத்தாடி வைக்கலாமே, தமிழ்நாட்டுல அவ்வளவு இருக்கே?

கன்னியாகுமரிக்கு யாத்திரை போனவங்க கேட்ட கேள்வி. முப்பந்தல் பக்கம் வரிசையா நிக்கறதை நானும் பஸ்லேர்ந்து பார்த்தேன். அங்க மலைக்கு நடுவுல கணவாய் இருக்கு, தென்மேற்குப் பருவக்காத்து அதுக்குள்ள புகுந்து வேகமா வரும். நம்ம பக்கம் வருஷத்துல பாதி நாள் இலை கூட அசையாது. கிழக்குக் கரையில மட்டும் நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் காத்து பலமா அடிக்கும். பெர்ஹெந்தியான் தீவுல காத்தாடி வச்சுப் பார்த்தாங்க. நம்ம தாமான்ல வச்சா அது அலங்காரம்தான்.

நம்ம நாட்டுக்குப் பொருத்தமானது வெயில், ஆத்துத் தண்ணி, செம்பனை. சரவாக்ல பாக்குன் அணை மட்டும் 2,400 மெகாவாட். செம்பனை ஆலையில வெளியாகற கழிவுத் தண்ணியில வர்ற வாயுவை எரிச்சும் கரண்டு எடுக்கறாங்க. தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு அந்த நாத்தம் மறக்காது. அதுலயும் காசு இருக்குன்னு அப்ப யாருக்குத் தெரியும்!

நாம 12 பலகை போட்டு உலகம் மாறிடுமா?

மாறாது. ஆனா இப்ப நம்ம சுவிட்சுக்கு வர்ற கரண்டுல பெரும் பங்கு நிலக்கரியும் எரிவாயுவும் எரிச்சு வர்றது. மஞ்சோங், காப்பார் மாதிரி இடத்துல எரியற நிலக்கரி பெரும்பாலும் இந்தோனேசியாவுலேர்ந்தும் ஆஸ்திரேலியாவுலேர்ந்தும் கப்பல்ல வருது. வெயிலோ நம்ம கூரைக்கே வருது. பலகை செய்யற ஃபேக்டரி கூட கூலிமிலேயே இருக்கு. நல்ல காரியத்துக்குக் கோயில் முன்மாதிரியா இருந்தா வீட்டுலயும் செய்வாங்க.

சரி, தலைவலி என்ன?

எங்க ஃபேக்டரியில நடந்ததைச் சொல்றேன். முதல்ல போட்டவங்க கூரையில ஓட்டை போட்டு சரியா அடைக்கலை. ஆறு மாசத்துல ஒழுகல். மிஷினுக்கு மேல தார்ப்பாய் கட்டி வேலை செஞ்சோம். நம்ம மண்டபக் கூரை ஏற்கனவே ரெண்டு இடத்துல ஒழுகுது. அதைச் சரி பண்ணாம மேலே ஏறக் கூடாது.

அடுத்தது புறா. பலகைக்கு அடியில கூடு கட்டும், மேலே எச்சம் போடும். கம்பி வலை கட்டணும், வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது கழுவணும். இடி மின்னல் நம்ம நாட்டுல அதிகம், அதுக்குப் பாதுகாப்புக் கருவி கட்டாயம். பலகை 25 வருஷம் நிக்கும், ஆனா இன்வெர்ட்டர் 10 வருஷத்துக்கு மேல போனா மாத்த வேண்டி வரும். அந்தக் காசை இப்பவே கணக்குல எழுதணும்.

அரச மரம் நிழல் விழுதுன்னு காண்டிராக்டர் கிளையை வெட்டச் சொன்னாராம். ஒரு பலகையில நிழல் விழுந்தா கூட இருக்கற பலகையும் சேர்ந்து குறையும், அது உண்மைதான். அதுக்காக மரத்தை வெட்டுவோமா? அந்த மரம் நம்ம கோயிலுக்கு முன்னாடியே அங்க நின்னது. நிழல் விழற பக்கத்தை விட்டுட்டு மத்த பக்கம் போடலாம். 12 பலகைக்கு இடம் தாராளமா இருக்கு.

மத்த கோயில் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம கோயில் நிலத்துக்குக் கிராண்ட் இருக்கு. தோட்டத்துக் கோயில் பலதுக்கு அது கிடையாது. 25 வருஷம் நிக்கற பொருளை வைக்கறதுக்கு முன்னால, 25 வருஷம் நிக்கற நிலம் இருக்கான்னு பாருங்க. முதல்ல நிலம், அப்புறம் பலகை.

கடைசியா, காசு. சோலார் வாங்கறதுக்கு முன்னாடி செய்யக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு. இராத்திரி நடை சாத்தின பிறகு கோபுரத்துக்கு அடிக்கற பெரிய லைட்டு நாலையும் யாருக்காக எரிய விடறோம்? மண்டபத்துல பழைய குழல் விளக்கு இன்னும் எரியுது. எல்.இ.டி.க்கு மாத்தினா முதல் மாசமே பில்லுல தெரியும். இதுக்குப் பொதுக்கூட்டம் வேண்டாம், ஏணியும் ரெண்டு ஆளும் போதும். நான் ஒரு ஆள். இன்னொருத்தர் வாங்க.

எங்க அம்மா ரப்பர் தோட்டத்துல இருந்தப்ப இராத்திரி 10 மணிக்கு தோட்டத்து இஞ்சினை நிறுத்திடுவாங்க. அதுக்கப்புறம் மண்ணெண்ணெய் விளக்குதான். "விளக்கை வீணா எரிய விடாதே, லட்சுமி போயிடுவா"ன்னு சொல்வாங்க. அதைத்தான் இப்ப நான் மீட்டரைப் பார்த்து சொல்றேன்.

என் யோசனை இதுதான். முதல்ல விளக்கை மாத்துவோம், ஒழுகலை அடைப்போம். அப்புறம் மூணு காண்டிராக்டர்கிட்ட விலை கேட்டு, 12 பலகைக்குத் தனி உபயம் திரட்டுவோம். திருவிழாக் காசைத் தொட வேண்டாம், பேங்க் கடனும் வேண்டாம். மாசா மாசம் பில்லை நோட்டீஸ் போர்டுல ஒட்டுவோம். சொன்னபடி குறையுதான்னு பக்தர்களே பார்க்கட்டும். ரெண்டு வருஷம் சரியா ஓடினா மேல போடறதைப் பத்தி அப்புறம் பேசலாம்.

பந்தியில ஒரு பாட்டி கேட்டாங்க: "ஏன்டாப்பா, சாமி சும்மா கொடுக்கற வெயிலைப் புடிச்சா காசு பண்ணப் போறீங்க?" எல்லாரும் சிரிச்சோம். பாட்டி, காசு பண்ணலை. மிச்சம் பிடிக்கறோம். மிச்சம் பிடிச்ச காசு அன்னதானத்துக்கும் பிள்ளைங்க தேவார வகுப்புக்கும் போகணும்னுதான் என் ஆசை. அதையும் தீர்மானத்துல எழுத்துல போடச் சொல்வேன்.

ஒத்துக்காதவங்க கீழே எழுதுங்க, கோபப்பட மாட்டேன். ஆனா பொதுக்கூட்டத்துக்கு வந்து கை தூக்குங்க. பந்தியில மட்டும் பேசிட்டு கூட்டத்துக்கு வராம இருந்தா, 40 பலகையும் வந்துடும், கடனும் வந்துடும்.

ஓம் சக்தி. எல்லாரையும் அம்மன் காக்கட்டும்.