'இஃப்'ஐ 'ஆனால்'னு மாத்திட்டா தமிழ் நிரல்மொழி ஆயிடுமா?

ரொம்ப நாள் கழிச்சு ஒரு புலம்பல். கம்பைலர்னதும் ஓடிடாதீங்க மக்களே.

போன வாரம் ஊருக்கு (ரெட்டிபாளையம், அரியலூர் பக்கம்) போயிருந்தப்ப, காலேஜ் படிக்கும்போது நான் எழுதின தமிழ் நிரல்மொழியை அக்கா பொண்ணுகிட்ட பெருமையா காட்டினேன். பழைய எழுத்துருவுல இருந்து மாத்தி வச்சிருந்த உதாரணத்துல 'தொகை'ன்னு ஒரு மாறி. அதுக்குக் கீழ அவளும் 'தொகை'ன்னு அடிச்சா. "அன்நோன் ஐடென்டிஃபயர்"னு வந்துச்சு. "நான்தான் தப்பா அடிச்சிட்டேன் போல மாமா"ன்னு எழுந்து போயிட்டா.

தப்பு அவளோடது இல்ல. யூனிகோடுல 'தொ'வை ரெண்டு விதமா எழுதலாம். 'த'வுக்கு அப்புறம் 'ொ' ஒரே குறியா வரலாம். இல்ல 'ெ', 'ா'ன்னு ரெண்டு குறியா வரலாம். கண்ணுக்கு ஒண்ணுதான், என் லெக்ஸருக்கு ரெண்டு வேற வேற பெயர்! 2008ல வந்த பைத்தான் 3 பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துட்டுத்தான் ஒப்பிடுது. தமிழன் நான் அதைக்கூட யோசிக்கல.

கேட்டா "கீவேர்டெல்லாம் தமிழ்தானே"ன்னு சொல்லிக்குவோம். முத்தையா அண்ணாமலையோட 'எழில்' மொழியைப் பாருங்க. 2009லயே அதைப் பத்தி கட்டுரை வெளியிட்டிருக்கார். அதுல @( வயது > 17 ) ஆனால், @( எண் < 10 ) வரை - இப்படி நிபந்தனை முதல்ல, கீவேர்டு பின்னாடி. நாம பேசுற வரிசையே அதுதானே? நிபந்தனையைப் படிச்சு முடிச்ச பிறகுதான் அது 'ஆனால்'லா 'வரை'யான்னு பார்சருக்குத் தெரியும். இது வெறும் மொழிபெயர்ப்பு இல்ல, இலக்கணம் பத்தின முடிவு. எழில் கம்பைலர் இல்ல, இன்டர்பிரெட்டர்தான். ஆனா ஃப்ரண்ட் எண்ட் வேலை ரெண்டுக்கும் ஒண்ணுதான்.

வார இறுதியில நிரல்மொழி செய்ற நண்பர்களே, "கோடைப் படிச்சா புரியும், ஆவணம் எதுக்கு"ன்னு சொல்லாதீங்க. கோடு என்ன செய்யுதுன்னு சொல்லும், ஏன்னு சொல்லாது. என் கோடு எனக்கே இப்ப புரியல! மூணே பக்கம், தமிழ்ல எழுதி வைங்க:

1. எது எழுத்து? (பைத்தானோட ரெகெக்ஸை அப்படியே நம்பினா புள்ளியும் கொம்பும் எழுத்தே இல்லைன்னு தள்ளிடும்.)
2. எந்தச் சொல் எங்க வரும், ஏன்?
3. தப்பு நடந்தா என்ன சொல்லணும்?

மூணாவதுதான் முக்கியம். பிழைச்செய்தி இங்கிலீஷ்ல வந்தா அது தமிழ் நிரல்மொழியே இல்ல, தமிழ்ச் சட்டை போட்ட இங்கிலீஷ் மொழி. தப்பு பண்ணும்போதுதான் புள்ளைங்களுக்குத் தாய்மொழி தேவைப்படுது.

என் லெக்ஸரைத் திருத்திட்டேன். முதல் பக்கமும் எழுதியாச்சு. பொங்கலுக்குள்ள மீதி ரெண்டும். அப்புறம் அவளை மறுபடி உட்கார வைக்கணும்.